மாமா கால் ஊன்றிய பொங்கல்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இப்போது இருக்கிற மன்றத்தில் ஜிம் எல்லாம் வந்துவிட்டது. முதலில் அது ஒரு கேரம் போர்டுதான். போர்டு நனையக் கூடாதென்று தகரக் கூரை போட்டார்கள். கூரைக்குக் கீழே சுவர் வந்தது. சுவர் வந்ததும் பூட்டு வாங்கினார்கள். சாவி என் தாய்மாமாவிடம் இருந்தது.

மன்றத்தில் ஒரு சட்டம். கல்யாணம் ஆனவர் வெளியேற வேண்டும். இளைஞர் மன்றம் அல்லவா. போகிறவருக்குக் கல்யாண மேடையிலேயே சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாமாவோடு சேர்ந்து கூரை போட்டவர்கள் எல்லாரும் கடிகாரம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா மட்டும் மிச்சம். சித்திரைத் திருவிழாவுக்கு மோர்ப்பந்தல் போடவும், குழாய் உடைந்தால் மாநகராட்சி ஆபீஸில் போய் நிற்கவும், யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடவும் அவர்தான். பெண் பார்க்க மட்டும் வரமாட்டார். முன்தலையில் முடி குறைந்துகொண்டே வந்தது.

ஒரு மார்கழியில் அம்மா வாசலில் நின்று கத்தினாள்.

“பழங்காநத்தத்துல ஒரு பொண்ணு இருக்கு. பாக்க வாரியா, இல்ல அந்தக் கேரம் போர்டுக்கே தாலி கட்டப் போறியா?”

“பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள்ல தோத்தா வாரேன்க்கா.”

தெருவே சிரித்தது. அந்தப் போட்டியில் மாமா தோற்றதே இல்லை. கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குத்தான் பரிசு. நடுவில் கால் ஊன்றினால் அவுட். மாமா ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் தூங்கிவிடும்.

நான் அப்போது மூன்றாவது படித்தேன். மாமா தோற்றால் சாவி போய்விடும். மன்றத்து டி.வி.க்கு முன்னால் என்னை யார் உட்கார விடுவார்கள்? எனக்குப் பயமெல்லாம் செல்வம் அண்ணன் மேல்தான். ஐ.டி.ஐ. படிக்கிறவர். போட்டிக்கு ஓட்டிப் பழகும்போது சைக்கிளை ஆணி அடித்தாற்போல் நிறுத்துவார். போட்டிக்கு முந்தின நாள் பையன்கள் மன்றத்துக்குப் பின்னால் கூடிப் பேசினார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் விசில் ஊதினதும் செல்வம் அண்ணன் விறுவிறுவென்று மிதித்துக் கோட்டைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும். மைக்கில் ஒருவர், “ஏன் மாப்ள, பஸ்ஸப் பிடிக்கவா போறீங்க?” என்றார். நான் கைதட்டிக் குதித்தேன். அந்த வருஷம் ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியவில்லை.

தெரு நடுவில் மாமா மட்டும் இருந்தார். சைக்கிள் அசையவில்லை. அந்தப் பக்கம் பையன்கள் வரிசையாக நின்று கத்தினார்கள்.

“வாங்கண்ணே! விட்றாதீங்கண்ணே!”

மாமா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வலது காலை எடுத்துத் தரையில் வைத்தார். தடுமாறவெல்லாம் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் மாதிரி வைத்தார்.

சத்தம் நின்றது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் செல்வம் அண்ணன் கையில் சாவியைக் கொடுத்தார்.

“என்னண்ணே இது? ஒங்களுக்காகத்தான நாங்க…”

“தெரியுதுடா. அடுத்த வருசமாச்சும் ஒழுங்கா ஓட்டுங்க.”

செல்வம் அண்ணன் தலை நிமிரவில்லை. ஜெயித்தது அம்மாதான். அவளும் சிரிக்கவில்லை. “சாப்பிட வா” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அழுகை அடங்கவில்லை. மாமா சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தார்.

“ஏன் மாமா காலை ஊனுனீங்க?”

“கால் வலிச்சுச்சு ஆத்தா.”

அதற்குத்தானா என்று எனக்கு மனசு ஆறிவிட்டது. அடுப்படிக்கு ஓடி நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

“எந்தக் கால்?”

மாமா கொஞ்சம் யோசித்தார். இடது காலை நீட்டினார். வலி போகட்டும் என்று கை ஓயும்வரை தேய்த்தேன்.