மூன்று மைக்கும் ஒரு மௌனமும்

உலகப் போர் முடிந்த கையோடு நியூயோர்க்கில் பேரெடுத்த ஓர் அமெரிக்க நாடக இயக்குநருக்கு ஒரு பழக்கம் இருந்ததாம். நாடகம் நடக்கும்போது உட்கார மாட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருப்பார். ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். நானும் அப்படித்தான். அவர் கலைக்காக நடந்தார், நான் பயத்தில் நடக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களின் மண்டபங்களில் கடைசி வரிசைக்குப் பின்னால் மட்டன் ரோல் மேசை வேறு இருக்கும். இருபது வருட நாடகப் பணி என் இடுப்பில் நன்றாகவே தெரிகிறது.

பகலில் நான் கவுன்சில் ஒன்றில், கூரை ஒழுகுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு வருந்துகிறோம் என்று பதில் எழுதுகிற உத்தியோகத்தன். வேலைக்குப் போகிற ரயிலில்தான் அவருடைய வாழ்க்கையை வாசித்தேன். மேடைக்குக் கதிரை மேசை தூக்கி வைக்கிற வேலையில் தொடங்கியவர். வரிசையாக நான்கு வெற்றி. ஐந்தாவது நாடகத்தில் ஒரு காட்சி வைத்தார்: ஒருவன் வீட்டுக்கு வருகிறான், கதிரையில் இருக்கிறான், மூன்று நிமிடம் வாயே திறப்பதில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. நாடகம் இரண்டு கிழமையில் நின்றது. அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. எங்கேயோ ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அங்கே மாணவர்களை வைத்து அதே காட்சியைத் திரும்பப் போட்டார். அதைப் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நான்கு வெற்றி என்னிடம் இல்லை. ஒருவரும் கூப்பிடாத வருடங்கள் தாராளமாக இருந்தன. பாதித் தகுதி கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நேரம்தான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அரை மணித்தியால நாடகம் ஒன்று கேட்டார்கள். எனக்கு உடனே அண்ணையின் நினைவு வந்தது. கூடப்பிறந்த அண்ணை இல்லை. என் நாடகம் எல்லாவற்றிலும் ராசாவாகவும் கோபக்கார அப்பாவாகவும் நடித்தவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் கத்தினால் வெம்பிளி மண்டபத்து ஜன்னல் அதிரும். போன வருடம் தொண்டையில் ஒப்பரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு. அன்று முதல் மனிதர் கலியாண வீடு, கோயில் ஒன்றுக்கும் போவதில்லை. போனில் அழைத்தால் மனைவிதான் எடுப்பார்.

செவன் கிங்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைக் காட்டினேன்.

“அண்ணை, மகள் வீட்டை விட்டுப் போயிட்டாள். நீங்கள் வேலையால வாறியள், அவள் எழுதி வைச்ச கடிதத்தை வாசிக்கிறியள். மூண்டு நிமிசம் சும்மா இருக்கிறியள். அவ்வளவுதான் உங்கட பார்ட்.”

அவர் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: “குரல் இல்லாதவனுக்கு மேடையில என்ன வேலை? ஆக்கள் பாவம் பாப்பினம்.”

“ஒருத்தருக்கும் தெரியாது. கதையே அப்பிடித்தான் எண்டு நினைப்பினம்.”

“அப்ப ஒரு கண்டிஷன். என்ர தொண்டையைப் பற்றி ஆரும் மைக்கில வாய் திறக்கக் கூடாது. திறந்தா நான் இறங்கி நேர வீட்டை போயிடுவன். பேந்து என்னைக் கேக்கவும் கூடாது.”

அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, மூண்டு நிமிசம் சத்தமில்லாம எங்கட சனம் இருக்குமே? செத்த வீட்டிலயே இருக்காதுகள்” என்றா.

அவ சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. எங்கள் நாடகங்களில் காதல், கொலை, கலியாணம் எல்லாம் மேடையின் முன்னால் நிற்கிற மூன்று மைக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும். செத்துக் கிடக்கிறவனும் கடைசி வசனத்துக்கு மைக்கை நோக்கித் தவழ்வான். மேடையில் ஆள் நின்று சத்தம் வராவிட்டால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: மைக் பழுது. நானோ ஓர் அமெரிக்கக் கல்லூரியில் ஆட்கள் அமைதியாக இருந்து பார்த்ததை நம்பி இறங்கியிருந்தேன்.

விழா அன்று மத்தியானம் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் அறிவிக்காமல் விட்டால் அவருக்குச் செமிக்காது.

“டைரக்டர், அவருக்கு ஒப்பரேஷன் எல்லே? தொடங்க முதல் ஒரு சொல்லு சொல்லிவிடுவம். சனம் கை தட்டி உற்சாகப்படுத்தும்.”

“ஐயோ, வேண்டாம். சொன்னா மனுசன் போயிடும்.”

“நல்லதுக்குத்தானே சொல்லுறன்.”

“நல்லதுக்கே வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். அது சம்மதத்துக்கான ஆட்டமா, பிறகு பார்ப்போம் என்கிற ஆட்டமா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று இரண்டு மணித்தியாலம் நான் நடந்த நடைக்கு வீட்டுக்கே நடந்து போயிருக்கலாம்.

நாடகம் தொடங்கி, கடிதக் காட்சி வந்தது. அண்ணை வந்தார், மேலங்கியைக் கழற்றினார், கடிதத்தை எடுத்தார். மைக் மூன்றையும் தாண்டிப் பின்னால் கிடந்த கதிரையில் இருந்தார். கடிதத்தை வாசித்த முகத்தைக் கண்டு நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். இருபது வருடமாக இந்த மனிதரைக் கத்த வைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் அரை நிமிடம் நீடித்தது. பிறகு நடுவிலிருந்து ஒரு குரல்: “சத்தம் கேக்கேல்லை!”

“மைக் வேலை செய்யேல்லை!” என்றது இன்னொன்று. “ஆரும் போய்ப் பாருங்கோவன்!”

மேடையோரம் இருந்த சவுண்ட்காரர் பதறிப்போய் எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டினார். மண்டபம் முழுக்க ஸ்பீக்கரின் கூவல். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“விடுங்கோ டைரக்டர், என்ர பேரெல்லோ கெடுது!”

“பழுதில்லை! அவர் கதைக்கமாட்டார்!”

“கதைக்கமாட்டார் எண்டா என்னத்துக்கு மேடையில ஏத்தினனீங்கள்?”

பதில் சொல்வதற்கு முன் மற்றப் பக்கம் பார்த்தேன். செயலாளர் கையில் அறிவிப்பாளரின் மைக். வாயைத் திறந்து, “அன்பான உறவுகளே” என்று தொடங்கிவிட்டார். எனக்கும் அவருக்கும் இடையில் மேடையின் முழு அகலம். முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சொல் தொண்டை, அதற்கடுத்தது அண்ணையின் முதுகு.

அண்ணை எழும்பினார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவசரமில்லாமல் நடு மைக்குக்கு வந்து நின்றார். செயலாளர் வாயை மூடிவிட்டார். பெரியவர் பேசப்போகிறார் என்று மண்டபமே கழுத்தை நீட்டியது. அண்ணை ஒற்றை விரலால் மைக்கை இரண்டு தரம் தட்டினார்.

டொக். டொக்.

கூட்டிவைத்த சத்தத்தில் அது இடி மாதிரி விழுந்தது. மைக் நன்றாகவே வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. அண்ணை சனத்தை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்து போய்க் கதிரையில் இருந்து கடிதத்தைத் திரும்ப விரித்தார்.

முதலில் ஒரு சிரிப்பு எழும்பியது. அது பாதியில் அடங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரோல் மேசைக்காரி கூடக் கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தா. சவுண்ட்காரரின் கையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன், அவரும் விடச் சொல்லவில்லை.

முடிந்த பிறகு செயலாளர் வந்து என் முதுகில் தட்டினார். “அந்த மைக்கில தட்டின இடம் இருக்கே, என்ன டைரக்ஷன்!” நன்றி என்றேன். என்னைப் பற்றியும் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதப்படுமானால் அதில் இந்த நன்றி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணையைச் சுற்றி ஆட்கள். அவர் ஆட்களோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே காப்பாற்றப் போனேன். சிவப்புச் சேலை கட்டிய ஓர் அம்மா அவரிடம், “என்ர மகளும் இப்பிடித்தான் போனவள். நீங்கள் அழவே இல்லை. ஏன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தா.

அண்ணை ஏதோ சொன்னார்.

“என்ன? கேக்கேல்லை.”

“அவர் என்ன சொல்லுறார் எண்டா” என்று நான் இடையில் புகுந்தேன். அண்ணை என்னை முழங்கையால் தள்ளினார். குனிந்து, அந்த அம்மாவின் காதுக்குக் கிட்டப் போய், அந்தக் கிசுகிசுப்பான குரலிலேயே திரும்பச் சொன்னார். அம்மா கேட்டா. தலையாட்டினா. “தொண்டைக்கு என்ன?” என்றா. அதையும் சொன்னார். பின்னால் நின்ற இரண்டு பேர் கேட்பதற்காக நெருங்கி வந்தார்கள்.

என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். கிட்டப் போனேன்.

“நீர் போய்க் காரை எடும். நான் கதைச்சுப்போட்டு வாறன்.”

வாசலில் இரட்டை மஞ்சள் கோடு. நிறுத்த ஏலாது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தேன். கதைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று. கூட்டம் பெருத்திருந்தது. நான்காவது சுற்றில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர் இரண்டு கையையும் விரித்து எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், எல்லோரும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி நின்றார்கள். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. நான் ஐந்தாவது சுற்றுக்குப் போனேன்.