அல்பானியச் சீமாட்டி மாரினாவைத் தேடி எல்லர்ஸ்ட்டைன் கோட்டைக்கு

2007 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் வேசர் ஆற்றுப் பக்கம் உள்ள எல்லர்ஸ்ட்டைன் கோட்டைக்குப் போய் வந்தேன். கோட்டை பார்க்கிற ஆசை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. ஹம் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் திரீத்தா என்றொரு தோழி இருக்கிறார். கொசோவோவிலிருந்து வந்த அல்பானியப் பெண். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அல்பானியச் சீமாட்டியின் கடிதம் அந்தக் கோட்டையில் இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தன் ஜெர்மன் மொழியை நம்பித் தனியே போக அவருக்குத் தயக்கம். எங்கள் இருவருக்கும் ஒரே ஞாயிறு விடுப்புக் கிடைப்பது அபூர்வம் என்பதால் உடனே சரி என்றேன்.

ஹம்மில் காலை 8.20க்கு ரயில். லோனெயில் மாறி ஹமெல்ன் போய்ச் சேர 10.35. இருவருக்கும் சேர்த்து ஒரே வார இறுதிச் சீட்டு, 33 யூரோ. அங்கிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். ஞாயிறுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் ஓடுகிறது. இறங்கியபின் காட்டுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். நல்ல சப்பாத்து அவசியம். நான் போட்டுப் போனது நல்லதல்ல.

நுழைவாயிலில் வழிகாட்டியாக நின்றவர் ஜெனிற்றா. பெற்றோர் மன்னார், பிறந்து வளர்ந்தது ஹனோவரில். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டு வார இறுதிகளில் இங்கே வேலை. "தமிழ் ஆக்கள் இஞ்ச வாறது குறைவு, அக்கா" என்று சிரித்தார். பிறகு சீமாட்டியின் கதையை எனக்குத் தமிழிலும் திரீத்தாவுக்கு ஜெர்மனிலும் மாறி மாறிச் சொன்னார்.

மாரினா மலைக்கோட்டைப் பிரபு ஒருவரின் மகள். ஒட்டோமான் படை முற்றுகையிட்டபோது கணவர் இறந்தார். இரண்டு பிள்ளைகளுடனும் தன் ஊராருடனும் கப்பலேறி இத்தாலிக் கரையில் இறங்கினார். நேப்பிள்ஸ் மன்னர் கைவிடப்பட்ட கிராமம் ஒன்றைக் கொடுத்தார். கல்லும் முள்ளுமான நிலம். அதை ஊரார் திருத்தி விளைச்சல் கண்டதும், அரசவையிலிருந்த ஒரு கோமான் மாரினாவை மணக்கக் கேட்டார். மணந்தால் பட்டுடையும் மாளிகையும் கிடைக்கும். ஆனால் நிலம் கோமானுடையதாகிவிடும். ஊராரை அவர் துரத்தலாம். மாரினா மறுத்தார். அந்த மறுப்பால் அரசவையின் தயவு போனது. பிறகும் இருபது வருடம் அதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதி எழுதியே நிலத்தைக் காத்தார். பார்வை மங்கிய பிறகும் கையெழுத்தைத் தானேதான் போட்டிருக்கிறார். பேத்தி ஒரு ஜெர்மன் பிரபுவை மணந்து வந்தபோது மாரினாவின் ஓவியமும் கடைசிக் கடிதமும் இங்கே வந்து சேர்ந்தன.

இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த நாங்களும் இதே போன்ற விண்ணப்பப் படிவங்களோடு அல்லாடியவர்கள்தான். அதனாலோ என்னவோ, ஓவியத்தில் அவர் அணிந்திருந்த முத்துமாலையைவிடக் கடிதத்தின் அடியிலிருந்த அந்தக் கோணல் கையெழுத்து எனக்குக் கம்பீரமாகத் தெரிந்தது.

திரீத்தா ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டார். கீழே அட்டையில் 'கிரேக்கச் சீமாட்டி' என்று இருந்தது. கிழக்குத் திருச்சபை முறையில் வழிபட்டவர்களை அக்கால எழுத்தர்கள் எல்லாம் கிரேக்கர் என்றே பதிந்தார்கள் என ஜெனிற்றா விளக்கினார். திரீத்தா பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். கடிதத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் மாரினா தன்னை அல்பானியப் பெண் என்று எழுதியிருந்தார். திரீத்தா அப்போது மெதுவாகச் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்:

"தான் யாரெண்டு அவவே எழுதி வைச்சிருக்கிறா. பிறகேன் எழுத்தரைக் கேக்க வேணும்?"

ஜெனிற்றா அட்டையை மறுபடி ஒருமுறை வாசித்தார். பிறகு என்னிடம் தமிழில், "அட்டையில கை வைக்க எனக்கு ஏலாது, அக்கா. பொறுப்பாளரிட்டை தெர்மின் எடுத்துக் கதைக்க வேணும். ஆனா வாயால சொல்லலாம்தானே" என்றார். தெர்மின் என்றால் முன்கூட்டியே கேட்டு வாங்கும் சந்திப்பு நேரம்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வழிகாட்டிச் சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஜெனிற்றா அவர்களை முதலில் கடிதத்திடம் அழைத்துப்போனார். அட்டை தவறு என்று சொல்லி, அந்த வரியை வாசிக்கும்படி திரீத்தாவைக் கேட்டார். இல்லத்துக் கூட்டங்களில் வாயே திறக்காத திரீத்தா, தடுமாறித் தடுமாறி முழுக் கடிதத்தையும் வாசித்தார். யாரும் நகரவில்லை. முடிந்ததும் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார்.

என் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். இல்லத்தில் பலருக்கு நான் 'இந்தியப் பெண்'. பதினான்கு வருடமாக நான் திருத்தியதில்லை. மறுநாள் காலை திருத்தினேன். யாழ்ப்பாணம் எங்கே என்று ஒரு அம்மா கேட்டதும், பத்திரிகை ஓரத்தில் தீவை வரைந்து காட்டினேன்.

போக விரும்புபவர்களுக்கு: நுழைவுச் சீட்டு 4 யூரோ, திங்கள் மூடியிருக்கும். மேலே உணவு கிடையாது, கட்டிக்கொண்டு போங்கள். மாலை 4.10 பேருந்தைத் தவறவிட்டால் 6.10 வரை காத்திருக்க வேண்டும்.

நவம்பரில் ஜெனிற்றாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று தெர்மினுக்குப் பிறகு பொறுப்பாளர் சம்மதித்துவிட்டார். இப்போது அட்டையில் 'மாரினா, அல்பானியச் சீமாட்டி' என்று இருக்கிறது. அதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் உண்டு: 'அவருடைய சொந்தக் கடிதத்தின்படி.'