துரைமார் குளித்த தொட்டி

என் மாமியாருக்கு முழங்கால் வலி. மாத்தளையில் அவர் பார்க்காத டாக்டர் இல்லை, பூசாத தைலம் இல்லை. கடைசியில், இரத்தோட்டையில் ஆட்டோ ஓட்டும் அவருடைய தம்பி ஒரு யோசனை சொன்னார்.

"எங்க பக்கம் மலையில வெள்ளைக்காரன் காலத்து ஊத்துத் தொட்டி இருக்குக்கா. இரும்புச் சத்துத் தண்ணி. துரைமாரெல்லாம் கண்டியிலேருந்து குதிரை வண்டியில வந்து, வாரக்கணக்கா தங்கிக் குளிப்பாங்களாம்."

துரைமார் போனபிறகு அவர்கள் தங்கிய விடுதி ஏலக்காய் ஸ்டோரானதையும், கூரைத் தகரமும் போய் இப்போது சுவரும் இரண்டு கல் தொட்டியும்தான் மிச்சம் என்பதையும் பாதி வழியில்தான் சொன்னார். மாமியார் திரும்பிப் போக மறுத்துவிட்டார்.

போனால், பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தி தொட்டியில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நோய் தீர்க்கிற தண்ணியாமே?" என்றார் மாமியார்.

"தெரியலைங்கம்மா. வெள்ளைத் துணி மட்டும் போட்டுறாதீங்க. காவியாயிரும்."

மாமியார் கட்டியிருந்தது சந்தனக் கலர் சேலை. கொண்டுவந்த மாற்றுச் சேலை அதைவிட வெளுப்பு. கொஞ்சம் யோசித்தார், பிறகு அப்படியே மற்றத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி. நான் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமியாரும் அவளும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். அவளுடைய அப்பா அந்த ஸ்டோரில் ஏலக்காய் காயவைத்தவராம். துரைசானிகள் உடை மாற்றிய அறையில்தான் மத்தியானம் தூங்குவாராம். தம்பி ஆட்டோவிலேயே தூங்கிப்போனார்.

மறுநாளும் மாமியார் சுவரைப் பிடித்துத்தான் படி இறங்கினார். ஆனால் கோயிலில், "பாதி வலி போயிருச்சு" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு ஒரு வேன் நிறையப் பெண்கள் கிளம்பினோம்.

தொட்டியருகே துணி வாளியோடு நின்ற லயத்துப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. "அப்ப நாங்க எங்கங்க துவைக்கிறது?"

"மேல் தொட்டி எங்களுக்கு, கீழ்த் தொட்டி ஒங்களுக்கு" என்றார் மாமியார்.

"மேல் தண்ணிதானேம்மா கீழ வருது. ஒங்க முட்டி ஊறின தண்ணியிலயா எங்க துணி?"

வேன் பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமியாரும்தான். காலையில் துணி, மத்தியானம் முழங்கால் என்று முடிவானது. இப்போது அவளே பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிறாள், காசுக்கு.

வலி அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் சீகிரியாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தொட்டிக்குள் இருந்த மாமியார் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.