இஸ்மாலெப்பை ஹாஜியாரின் ஈரல்

ஈரலும் குடலும் பழுதானவர்களைப் பராமரிக்கும் தாதி வேலையில், விடிந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி "இண்டைக்கு எத்தனை தரம் போனீங்க?" என்பதுதான். ஊரே எழுந்து நின்று ஸலாம் சொல்லும் பெரிய மனிதர்களிடமும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெட்கம் விட்டுப்போய்ப் பல வருடமாயிற்று. வீட்டில் ஒரு ஈரல் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். புரியாதவர்கள் கல்முனைப் பக்கம் வந்து எங்கள் வார்டில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அப்படி என்னை இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியவர் மருதமுனை இஸ்மாலெப்பை ஹாஜியார், கைத்தறிச் சாரன் வியாபாரி.

படிவத்தில் உள்ள கேள்வி

வயிற்றில் நீர் கட்டி வந்து படுத்தார். ஈரல் சுருங்கிப்போயிருந்தது. யாராக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வி எங்கள் படிவத்தில் உண்டு. "ஹாஜியார், குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹாஜியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் உடம்புக் கொழுப்பும்கூட ஈரலைக் கெடுக்கும், ஒரு சொட்டுத் தொடாதவருக்கும் இது வரும் என்று தொண்டை வறள விளக்கினேன். அவர் மனைவி அலிமா உம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைக் கதவோரம் கூட்டிப்போனார்.

"அடுத்த வெள்ளி மகளுக்கு நிக்காஹ், மிஸ். சம்பந்திமார் பாக்க வருவாங்க. கட்டில்ல தொங்குற அட்டையில 'இவர் குடிக்கிறல்ல' எண்டு பெரிசா எழுதி விடுங்க."

உப்பு போடாத கறி

வயிற்று நீர் வற்ற வேண்டுமென்றால் உப்பைக் குறைக்க வேண்டும். அலிமா உம்மாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நிறுத்துப் பார்த்தால் ஹாஜியார் இரண்டு கிலோ கூடியிருந்தார். தராசைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். நானே ஏறிப் பார்த்தேன். அது என்னைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. சாப்பாட்டு நேரம் போய் அலிமா உம்மாவின் கிண்ணத்தைத் திறந்தேன். கட்டாக் கருவாட்டுக் கறி, மணம் வார்டைத் தூக்கியது. எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை மூடக்கூட மறந்துவிட்டேன். அவரோ அழாக்குறையாக நின்றார்.

"அல்லாஹ் மேல ஆணை, நான் ஒரு கல்லு உப்புப் போடல்ல மிஸ்! கருவாடு போட்டவன் போட்டதுக்கு நான் என்ன செய்ய?"

ஒத்திகை

ஈரல் கழிக்க வேண்டிய நஞ்சு குடலில் தங்கினால் மூளைக்கு ஏறிவிடும். ஆள் தடுமாறிப் போவார். அதற்காகத்தான் ஒரு இனிப்புச் சிரப் கொடுத்து, நாளைக்கு இரண்டு மூன்று தரம் வயிறு போக வைக்கிறோம். ஹாஜியாருக்கு அந்தப் போத்தலைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு முறையும் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிய வுழு முறிகிறது, திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறது என்று குறை.

நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கையில், காலையில் போனேன். கட்டில் விரிப்பை உருவி முழம் போட்டுக்கொண்டிருந்தார். "இதுல சாயம் நிக்காது, ரெண்டாம் தரம்" என்று என்னிடம் விலை பேசினார். மகளின் பெயரைக் கேட்டேன். யோசித்தார். வரவில்லை. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். நிக்காஹில் மகளை மாப்பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டியவர் இவர். தெளிந்த புத்தியோடு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அலிமா உம்மா மூலையில் நின்று சத்தமில்லாமல் அழுதார்.

தலையணையைத் தூக்கினால், நான் அளந்து கொடுத்த இரண்டு நாள் சிரப்பும் ஒரு வெறும் போத்தலில் ஊற்றி ஒளித்துவைத்தபடி அப்படியே இருந்தது. மருந்தை அளந்து கையில் கொடுத்தால் போதும், குடிப்பார் என்று நம்பியது என் பிழை. எனிமாவும் சிரப்புமாக இரண்டு நாள் பக்கத்திலேயே நின்றோம். வியாழன் காலை கண் தெளிந்து, மகள் றிஸ்னாவைப் பெயர் சொல்லி விசாரித்தார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நிக்காஹ் நடக்கக்குள்ள எழும்பி ஓட ஏலுமா மிஸ்? அதான் முன்னுக்கே நிப்பாட்டிப் பழகிப் பாத்தன்."

வெள்ளிக்கிழமை

விழாவுக்கு ஒருநாள் மட்டும் வீடு போக டாக்டர் அனுமதித்தார். காலைச் சிரப்பை நானே வாயில் ஊற்றி, விழுங்கினாரா என்று பார்த்துத்தான் அனுப்பினேன். பின்னேரம் நானும் போனேன். ஆண்கள் வெளியே பந்தலில். நாங்கள் பெண்கள் உள்ளே. ஒலிபெருக்கியில் மௌலவி சொல்லிக்கொடுப்பது கேட்டது. இனி ஹாஜியார் சொல்ல வேண்டும். அலிமா உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ஹாஜியார் பேசினார். மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், மஹர் தொகை எல்லாம் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் வந்தது. மாப்பிள்ளையும் ஏற்றுக்கொண்டார். உள்ளே எல்லாரும் அழத் தொடங்கும்போது, அணைக்காத மைக்கில் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"மௌலவி, நீங்க துஆவ ஓதுங்க. நான் அவசரமா எழும்போணும், மிஸ்ஸுட மருந்து வேலை செய்யுது."

ஒரு மனிதர் கழிப்பறைக்கு ஓடியதற்காகப் பெண்கள் கூட்டமே கண்ணீரோடு அல்ஹம்துலில்லாஹ் சொன்னதை, இத்தனை வருட உத்தியோகத்தில் அன்று ஒருநாள்தான் கேட்டேன்.