மணலுக்கு எத்தனை பல்லு?

துறைமுக ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்த அன்னிலேர்ந்து நைனா என்கிட்ட பேசுறதில்ல. துறைமுகம் வேணாம்னு எங்க ஊரு கோட்டைக்குப்பமே கொடி புடிச்சு நின்ன சமயம் அது. படகோட்டி பொண்ணே அங்க போய் உக்காந்தா அவருக்கு எப்படி இருக்கும்? புரியுது. ஆனா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, குழம்புல உப்பு கம்மின்றதைக்கூட அம்மா வழியா சொல்லி அனுப்பினா எரிச்சல் வராதா? எனக்கு வந்துச்சு.

அந்த எரிச்சல்லதான் சைக்கிள் ஆசையும் வந்திருக்கணும். லீவு போட்டு, மூட்டையைக் கட்டிக்கிட்டு, தார் ரோட்டைத் தொடாம கரையோடயே எங்க ஊரு உப்புத்தண்ணி ஏரியைச் சுத்தி வரணும்னு கிறுக்கு புடிச்சுச்சு.

சென்னைக் கடைக்காரர் கேட்ட மொதல் கேள்வி, "உங்க பக்கம் மேடு இருக்கா மேடம்?" எங்க ஊர்ல ஏது மேடு? டச்சுக் கல்லறை வாசப்படிதான் உசரம். இல்லன்னேன். "அப்ப முன்னாடி நாப்பத்திரண்டு பல்லு செயின்வீல் போட்டுக்குங்க, பறக்கும்"னார். வீட்டுக்கு வந்து யோசிச்சா மண்டை காயுது. முன்னாடி பல்லு கூடக்கூட மிதிக்கிறது கஷ்டமாம். மேடு இல்ல, சரி. மணல் இருக்கே! மூஞ்சில அறையுற வாடைக்காத்து இருக்கே! ஆபீஸ்ல சைக்கிள் பைத்தியம் ஒருத்தர் இருக்கார். "முன்னாடி முப்பது, பின்னாடி நாப்பத்தாறு. மூட்டையோட மணல்ல ஊர்ந்தே போயிடலாம்"னார். இன்டர்நெட்ல ஒருத்தன் முன்னாடி ரெண்டு செயின்வீல் போடுன்றான், இன்னொருத்தன் ரெண்டு போட்டா சேறு சிக்கிக்கும்ன்றான். டயர் ஒல்லின்னா புதையுமாம், குண்டுன்னா சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்குல நுழையாதாம். அடச்சே, இன்னாங்கடா இது!

இத்தனைக்கும் எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். கரையில எங்கெங்க கால் புதையும், எவ்ளோ புதையும்? அது தெரிஞ்ச ஆளு நைனாதான், எதிர்லயே குந்தி வலை பிரிச்சிக்கிட்டிருந்தார். கேட்டேன், பலவாட்டி கேட்டேன். அவர் வலையையேதான் பார்த்தார்.

கடைசில முப்பது, நாப்பத்தாறுனு வாங்கிட்டேன். ரிம்மைப் புடிக்கிற பிரேக்குன்னா மணல் ரிம்மையே தின்னுடும்னு ஆபீஸ்காரர் பயமுறுத்தினதால, சக்கரத்து நடுவுல இருக்குற தட்டைப் புடிக்கிற டிஸ்க் பிரேக்கு. சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியாது.

கிளம்புற அன்னிக்குக் காலைல வாசலுக்கு வந்தா குப்புனு மீனெண்ணெய் நாத்தம். எங்க பக்கம் புதுப் படகைத் தண்ணில எறக்குறதுக்கு முன்னாடி மீனெண்ணெய் பூசுவாங்க. அது வீட்டுப் பெரியவர் கையால நடக்கணும். நைனா துணியும் கையுமா குந்தியிருந்தார். ஃப்ரேமு, ஸ்போக்கு, செயினு, பின்னாடி பல்லுச் சக்கரம், எல்லாம் பளபளன்னு சொட்டுது. ஹேண்டில்ல குங்குமம். ரெண்டு டிஸ்க்குலயும் எண்ணெய்.

"ஐயோ நைனா! பிரேக்குல எண்ணெய் பட்டா புடிக்காது நைனா! போச்சு, எல்லாம் போச்சு!"

கத்திட்டேன். செயின்ல இனிமே மணல் அப்பிக்கும். பிரேக்குக்கட்டை மாத்தணும்னா சென்னைக்குத்தான் போவணும். லீவு அவ்ளோதான்.

நைனா துணியை ரெண்டு கையாலயும் முறுக்கினார்.

"தெரியாம பூசிட்டேன்மே. இரும்பை உப்பு தின்னுடுமேன்னு..."

என்கிட்டயா? என்கிட்டதான் பேசுறார். கோவத்தைத் தேடினா காணோம்.

"துறைமுகத்துக்குப் போவாதேன்னுதானே சொன்னேன்," அப்படின்னார், சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே. "ஏரிக்குப் போவாதேன்னா சொன்னேன்?"

அவர் பக்கத்துலயே குந்திட்டேன். மொதல்ல டிஸ்க்கைத் தொடைக்கிறதா, கண்ணைத் தொடைக்கிறதான்னே தெரியல.