கூட்டாமல் குறைக்காமல்

எதிரே இருந்தவர் பதினொரு நிமிடம் பேசினார். நடுவில் இரண்டு முறை அழுதார். ஒரு முறை எழுந்து நின்று சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த தழும்பைக் காட்டினார். அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாயில் கிடந்த இருமல் மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் திரும்பி, "பயமா இருந்துச்சாம், சார்" என்றார்.

அவ்வளவுதான். அதிகாரி அதைத் தட்டச்சு செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எல்லை தாண்டி வந்தவர்களை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று விசாரிக்கும் அலுவலகம் அது. அதிகாரிக்கு வந்தவர்களின் பேச்சு புரியாது; வந்தவர்களுக்கு அதிகாரியின் பேச்சு புரியாது. நடுவில் பத்தொன்பது வருடமாக அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று இருக்கிறது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு.

"இன்னைக்கு உள்ளே யாரு?"

"கத்தரிக்கோல்."

"போச்சுடா!"

ஒவ்வொரு விசாரணை முடிந்ததும் அம்மாள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: 'கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்த்தேன்.' அந்தத் தாளைப் பற்றி அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வார். "இத்தனை வருஷத்துல இந்த வாயால ஒரு வார்த்தை கூட்டியிருப்பேனா?" கூட்டியதில்லை, உண்மைதான். குறைத்ததைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அவருடைய கைப்பை ஒரு சின்னக் குடித்தனம். வெந்நீர் பிளாஸ்க், குளிருக்கு இரண்டு ஜோடி காலுறை, நாற்காலியில் போட்டுக்கொள்ள மெத்தை, மிட்டாய் டப்பா. சுவரில் 'பொதுமக்களின் பாதுகாப்பே எங்கள் கடமை' என்று ஒரு சுவரொட்டி. அதில் பாதிக் கடமை தன் தலையில்தான் இருக்கிறது என்பது அம்மாளின் எண்ணம். யாராவது அவரை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், முகம் சுண்டிவிடும். "அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மொழிபெயர்ப்பாளர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. அம்மாள் விதியை மீறியதே இல்லை. பொய் என்று பட்டால் லேசாக ஒரு முறை இருமுவார், அவ்வளவுதான். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிறவர் வருகிறவரிடம் அலமாரிச் சாவியோடு இந்த இருமலின் அர்த்தத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போவார். இருமல் விழுந்த வழக்கு பெரும்பாலும் திருப்பி அனுப்பும் தட்டில்தான் போய்ச் சேரும். அன்றைக்கு வீடு திரும்பும்போது அம்மாளுக்கு வாசல் கதவைத் தாழ்போட்ட நிம்மதி.

"நாடு என்ன சத்திரமா? திறந்து போட்டா கண்டவனும் வருவான்" என்பார் சாப்பாட்டு மேசையில்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். "நாம வந்தப்போ யாரு திறந்து போட்டிருந்தது?" என்று மட்டும் கேட்பார்.

"நாம கஷ்டப்பட்டு வந்தோம்."

"ஆமாமா. இவங்கெல்லாம் உல்லாசப் பயணம் வர்றாங்க."

அம்மாள் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அம்மாளும் இதே மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தவர்தான். லாரியில் கொண்டுவந்த தரகன், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கிடங்கில் வைத்துக் கேட்டான்: "குண்டு எங்க விழுந்துச்சு?" அடுத்த தெருவில் என்றார். "அடுத்த தெருன்னா ஆகாதும்மா. உன்னையே தேடி வந்தாங்களான்னுதான் கேட்பாங்க." அவரை யாரும் தேடி வரவில்லை. அடுத்த தெருவில் விழுந்தது நாளை தன் தெருவில் விழும் என்ற பயம்தான் நிஜம். அந்தப் பயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தரகன் ஒரு கதை கொடுத்தான். மூன்று ஆட்கள், உடைந்த கதவு, தண்ணீர்த் தொட்டி. "அழுகையை மட்டும் நீ சொந்தமாப் போட்டுக்கோ" என்றான். அம்மாள் மூன்று நாள் உட்கார்ந்து நெட்டுரு போட்டார். உள்ளே அனுமதி கிடைத்தது. நாளடைவில் அந்தக் கதை நிஜமாகவே தனக்கு நடந்தது போல அவருக்கே ஒரு நினைப்பு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க தையற்காரி ஒருத்தி உள்ளே வந்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்களை மடியில் கோத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மூணு பேர் வந்தாங்க. கதவைத் தட்டலை, உடைச்சாங்க. நான் பின்பக்கமா ஓடித் தண்ணித் தொட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்…"

அவள் மூக்கைத் துடைக்க நிறுத்தினாள். அம்மாளின் வாய் நிற்கவில்லை. பழகிய தடத்தில் வண்டி தானாக உருண்டது. "மூன்று பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். இவர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்துகொண்டார். தொட்டி காலியாக இருந்தது. வந்தவர்களில் ஒருவனுக்கு இடது காலில் செருப்பில்லை."

அதிகாரியின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. சின்ன வயசுக்காரர், கண் கூர்மை. "செருப்பைப் பத்தி எப்போ சொன்னாங்க, மேடம்? அவங்க வாயே அசையலையே?"

தையற்காரி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாளின் மிட்டாய் நடு நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரே ஓர் இருமல் போதும். எல்லாரும் ஒப்பிக்கிற பாடம் சார், கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் என்று சொன்னால் அதிகாரி பாராட்டக்கூடச் செய்வார். ஆனால் அதே பாடம் வேறு யார் யாருடைய கோப்பில் இருக்கிறது என்று இந்தக் கண் கூர்மைக்காரர் தேட ஆரம்பித்தால்? கீழ்த்தளத்துப் பழைய கோப்புகளில் ஒன்றில் அந்த ஒற்றைச் செருப்புக்காரன் இருபத்தாறு வருடமாக அம்மாளின் பெயருக்கு அடியில்தான் நின்றுகொண்டிருக்கிறான்.

தொண்டை அரித்தது. அம்மாள் எச்சிலை விழுங்கினார்.

"ஆரம்பத்துலயே சொன்னாங்க, சார். நான்தான் விட்டுட்டேன். கொஞ்சம் சுருக்கிடற பழக்கம்."

அதிகாரி அதை உடனே நம்பிவிட்டார். அந்தப் பழக்கத்தை அவர் தினமும் பார்க்கிறவர். "இது எந்தக் காலத்துல நடந்துச்சுன்னு கேளுங்க."

அம்மாள் கேட்டார். "நல்ல மழைக்காலம், அக்கா" என்றாள் அந்தப் பெண்.

மழைக்காலத்தில் திறந்த தொட்டி காலியா! பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானானால் இப்படித் தவறவிட்டிருப்பாரா?

"கடுங்கோடை, சார்" என்றார். "சொட்டுத் தண்ணி இல்லையாம்."

கேட்காமலே ஒரு வாக்கியம் கூடிவிட்டது. கூட்டாமலும் குறைக்காமலும் என்ற தாளில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நாட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கணவர் அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

மறுநாள் பழையபடி ஆகிவிட்டார். புதன், வியாழன் இரண்டு நாளில் ஆறு இருமல். அதில் ஒன்று, தன் கதையைச் சரியான தேதிகளோடு, ஒரு பிசகும் இல்லாமல் சொன்ன ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. இவ்வளவு கோர்வையாகச் சொன்னால் அது நெட்டுருவாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மாள் தீர்மானித்தார்.

நாற்பது நாள் கழித்துத் தையற்காரிக்கு அனுமதி வந்தது. ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு நடைவழியில் வந்து நின்றாள். அம்மாள் நாலு பேர் காதில் விழும்படி கத்தினார்: "இதெல்லாம் வாங்கக் கூடாது! ரூல்ஸ் தெரியுமா, தெரியாதா?"

அவள் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

"அக்கா… என் தங்கச்சி அடுத்த மாசம் வரா."

"வரட்டும். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"அவளுக்கும் அதே ஆள்தான் சொல்லிக்கொடுக்கிறாராம்."

அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "அதே தொட்டியா?"

"அதே தொட்டிதான், அக்கா. செருப்பும் அதேதான்."

அம்மாள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அவள் முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தார். அண்ணாந்து, நடைவழியின் இரு மூலையிலும் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நோட்டமிட்டார். பிறகு கையிலிருந்த கோப்பு அட்டையை உதட்டுக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார்.