வரப்பைத் துளைக்காத நண்டு

ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். எனக்கும் வெளிநாட்டு ஆராய்ச்சி இடம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குக் குறையாக இருந்தது ஒரு கட்டுரைதான். அதையும் ஒரு நண்டு கொடுத்தது.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு வாய்க்காலில், நடவுக்கு வந்திருந்த அக்கா ஒருவர்தான் அதைப் பிடித்துக் காட்டினார். வயல் நண்டைவிடச் சின்னது, கொடுக்கு மட்டும் செங்கல் நிறம். "இது வேறம்மா. வரப்பைத் துளைக்காது. வேருக்கடியில அதுபாட்டுக்குக் கிடக்கும். இறங்கி வாங்க, காட்டுறேன்" என்றார். முழங்கால் வரை சேறு. மழை வேறு பிடித்துக்கொண்டது. "இன்னொரு நாள் வர்றேங்க்கா" என்று கரையிலேயே நின்றுவிட்டேன். சேற்றைக் கண்டால் முகம் சுளிக்கிற நண்டு ஆராய்ச்சிக்காரி நான். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

கும்பகோணத்து வீட்டில், அக்கா பிடித்துக் கொடுத்து ஸ்பிரிட்டில் ஊறிய ஏழு நண்டுகளின் ஓட்டை அளந்தேன். ஆண் நண்டின் வயிற்றடியில் இனத்துக்கு இனம் மாறும் சின்னக் கால் உண்டு, அதை லென்ஸில் பார்த்ததும் புது இனம் என்று உறுதியாயிற்று. அதிலெல்லாம் யாரும் குறை சொல்ல முடியாது. 'வாழிடம்' என்ற தலைப்பில்தான் கை நின்றது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. இதன் சொந்தக்கார நண்டுகள் எல்லாம் வரப்பில் வளை தோண்டுகின்றன, இது மட்டும் தோண்டாமலா இருக்கும்? 'வயல் வரப்புகளில் வளை தோண்டி வாழ்கிறது.' நேரில் பார்த்தவள்போல எழுதினேன்.

கட்டுரை வந்தது, விசா வந்தது. 'வரப்பைத் துளைக்கும் புதிய நண்டு' என்று உள்ளூர் பேப்பரில் வந்த செய்தியை அப்பா சட்டம் போட்டு மாட்டினார்.

நான்கு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது அதே வாய்க்காலுக்குப் போனேன். அக்கா களையெடுத்துக்கொண்டிருந்தார். நண்டு எங்கே என்று கேட்டேன்.

"எங்கம்மா இருக்கு? அது வரப்பைத் துளைக்குதுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களாம். நிலத்துக்காரங்க வாய்க்கால் நெடுக மருந்து வச்சுட்டாங்க. ரெண்டு வருஷமா ஒண்ணுகூடக் கண்ணுல படல."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நானும் சொல்லிப் பாத்தேன். காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு, நான் அதுகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், அதைக் கேளுங்கன்னேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்? எவனோ வந்து பாக்காமலே எழுதியிருக்கான், இல்லம்மா?"

"ஆமாங்க்கா" என்றேன்.